பத்துப் பேர் கணக்கும் பாதி ஊதியக் கணக்கும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை, திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் தொழிற்பேட்டை, கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அமைந்த திருவாலங்காடு என விரிந்து கிடக்கும் இவ்வட்டாரத்தில், பெரிய ஆலைகளோடு அவற்றைச் சார்ந்து வாழும் சிறு பட்டறைகளும் மிகுதி. சட்ட அறிஞரைத் தனியே அமர்த்திக்கொள்ள இயலாத இச்சிறு நிறுவனங்களின் உரிமையாளர்களுக்கு, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 என்னும் சட்டத்தை எளிய முறையில் விளக்குவது, தொழிலாளரின் உடல்நலத்தைக் காக்கும் பணியே ஆகும்.

இச்சட்டம் வெறுந்தரையில் எழுந்ததன்று. பேராசிரியர் பி.பி. அடார்க்கர் 1944-இல் அளித்த அறிக்கையை அடித்தளமாகக் கொண்டு 1948-இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கிய அத்திட்டம், 1955-இல் கோயம்புத்தூர் வழியாகத் தமிழகத்தில் கால்பதித்து, இ.எஸ்.ஐ. என்னும் பெயரால் மக்கள் வழக்கில் நிலைத்தது. அச்சட்டம் உட்பட ஒன்பது சட்டங்களைப் புதிய தொகுப்பு தன்னுள் அடக்கிக்கொண்டுள்ளது. முன்பு அறிவிக்கை செய்யப்பட்ட பகுதிகளுக்கு மட்டும் பொருந்திய இத்திட்டம் இப்போது நாடு முழுமைக்கும் உரியதாகியிருப்பதும், பத்துப் பேருக்குக் குறைந்த நிறுவனங்கள் விரும்பிச் சேர வழி செய்யப்பட்டிருப்பதும், அரசு அறிவிக்கும் அபாயகரமான தொழிலாயின் ஒருவர் பணிபுரிந்தாலும் காப்பீட்டைக் கட்டாயமாக்க இடமளிக்கப்பட்டிருப்பதும் முதன்மையான மாற்றங்கள்.

வேலையளிப்போர் முதலில் தெளிய வேண்டியது தலைக்கணக்கு. நேரடியாக அமர்த்தப்பட்டவரைப் போலவே ஒப்பந்ததாரர் வழியாக வந்தவரும் சட்டத்தின் பார்வையில் தொழிலாளியே ஆதலால், பதிவேட்டில் ஏழு பேரும் ஒப்பந்ததாரர் அனுப்பிய ஐந்து பேரும் பணிபுரியும் பட்டறை, பன்னிரண்டு பேர் கொண்ட நிறுவனமாகிப் பத்துப் பேர் என்னும் வரம்பைத் தாண்டிக் கட்டாயக் காப்பீட்டுக்குள் வருகிறது. பின்னாளில் எண்ணிக்கை பத்துக்குக் கீழ் குறைந்தாலும் கடமை நீங்குவதில்லை. சர்க்கரை உற்பத்தியை மட்டுமே மேற்கொள்ளும் ஆலை 'பருவகால ஆலை' என்ற வரையறைக்குள் வந்து விலக்குப் பெறுகிறது. ஆயினும் அத்தகைய ஆலையை நம்பித் தனியே இயங்கும் எந்திரப் பட்டறைக்கு அவ்விலக்கு உரியதன்று.

அடுத்தது ஊதியக் கணக்கு. புதிய வரையறைப்படி அடிப்படை ஊதியம், பஞ்சப்படி, பணி இல்லாக் காலத்தில் தொழிலாளியைத் தக்கவைக்கத் தரும் படி ஆகியவையே 'ஊதியம்' எனப்படும். வீட்டு வாடகைப்படி முதலியவை அதில் சேரா எனினும், அவ்வாறு விலக்கப்படுபவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு சேர்க்கப்படும். மாதம் 24,000 ரூபாய் பெறும் ஒருவருக்கு அடிப்படையும் பஞ்சப்படியும் 11,000, வீட்டு வாடகைப்படி 13,000 எனக் கொண்டால், பாதியாகிய 12,000-ஐ மிஞ்சிய 1,000 சேர்ந்து அவரது ஊதியம் 12,000 ஆகிறது. வாடகைப்படியையும் ஊதியமாகக் கொண்ட பழைய சட்டத்தில் 21,000 ரூபாய் வரம்பைக் கடந்து வெளியே நின்ற அவர், இப்போது காப்பீட்டுக்குள் வருகிறார். 2019 ஜூலை முதல் உள்ள விகிதப்படி வேலையளிப்பவர் 3.25 விழுக்காடாக 390 ரூபாயும், தொழிலாளி 0.75 விழுக்காடாக 90 ரூபாயும் செலுத்த வேண்டும். இத்தொகை அடுத்த மாதம் 15-ஆம் நாளுக்குள் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகத்தைச் சேர வேண்டும்.

இந்த 480 ரூபாய்க்கு ஈடாகக் கிடைப்பது பெரிது. தொழிலாளிக்கும் குடும்பத்தாருக்கும் மருத்துவம், ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்க்கால உதவி, பெண்களுக்கு 26 வாரப் பேறுகால ஊதியம், பணியிடை விபத்தால் வேலை செய்ய இயலாத காலத்துக்கு 90 விழுக்காடு உதவி ஆகியவை உரிமையாகின்றன. உருட்டாலையில் ஒருவர் கை நசுங்கினால், பதிவு பெற்ற நிறுவனத்தில் அச்சுமையைக் கழகம் ஏற்கிறது. பதிவைத் தவிர்த்த நிறுவனத்தின் உரிமையாளரிடமோ, கழகம் வழங்கும் உதவியின் மூலதன மதிப்பையே வசூலிக்கச் சட்டம் இடமளிக்கிறது. தொழிலாளியிடம் பிடித்த தொகையைச் செலுத்தாமல் வைத்துக்கொள்வது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். நோய்க்கால உதவிக்கு ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் கணக்கு வேண்டியிருப்பதால், பதிவில் விடுபட்ட ஒவ்வொரு நாளையும் மெய்ப்பிக்க நோயுற்ற தொழிலாளியே அலைய நேர்கிறது.

ஆகவே தொழிற்பேட்டைச் சங்கங்கள் ஆண்டுக்கு ஒரு கருத்தரங்கோடு அமைதி கொள்ளாமல், ஒவ்வொரு பட்டறையின் ஊதியப் பட்டியலையும் ஒப்பந்ததாரரின் வருகைப் பதிவேட்டையும் அருகருகே வைத்துக் கணக்கர்களுக்குப் பயிற்சி அளிக்க முன்வர வேண்டும். பணியில் சேரும் நாளிலேயே தொழிலாளியின் பெயரும் குடும்பத்தார் பெயரும் பதிவேறி, காப்பீட்டு எண் அவர் கைக்குச் சேர்வதை ஒவ்வொரு வேலையளிப்பவரும் தம் கடமையாக ஏற்றுக்கொள்ள வேண்டும்.