இடைமுகக் கூறு வடிவங்கள்

பொத்தான், படிவம், தேடல் பெட்டி, அட்டை முதலிய இணையப் பக்க உறுப்புகளை ஒருமுறை எழுதி, வேண்டிய இடமெல்லாம் எடுத்தாளும் நிரல் முறைகள். நிரலாளர் பேச்சில் ஓர் உறுப்புக்குக் 'காம்போனன்ட்' (கூறு) என்று பெயர்.

1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் கூடிய நேட்டோ மாநாட்டில், மென்பொருளையும் ஆயத்த உதிரிப்பாகங்களாகச் செய்து தர வேண்டும் என டக்ளஸ் மெக்கில்ராய் வாதிட்டார். 'வடிவம்' என்ற கருத்து கட்டடக்கலையிலிருந்து வந்தது. அதை முன்வைத்த கட்டடக்கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் குழுவின் நூல் 1977இல் வெளியானது. 1979இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ட்ரிக்வே ரீன்ஸ்காக் தரவு, காட்சி, கட்டுப்பாடு மூன்றையும் தனித்தனியே பிரித்தார். இன்றைய வடிவங்கள் பலவற்றுக்கும் வேர் இந்தப் பிரிப்புதான். மென்பொருள் வடிவங்களைப் பற்றி நான்கு ஆசிரியர்கள் எழுதி 1994இல் வந்த 'நால்வர் நூல்' மரபுரிமையைவிடச் சேர்க்கையே மேல் என்றது. 2013 மே மாதம் ஃபேஸ்புக் தன் ரியாக்ட் நிரலகத்தைத் திறந்த மூலமாக வெளியிட்டபின் இணைய நிரலாளரிடையே அந்த நெறியே நிலைத்தது.

வகைகளில் முதலாவது, தரவைக் கொணரும் கூறும் அதைக் காட்டும் கூறும் வேறாக நிற்பது. 2015இல் ரியாக்ட் நிரலாளர் டான் ஆப்ரமோவ் இதைப் பரப்பினார். 2019 பிப்ரவரியில் ரியாக்ட்டில் வந்த 'ஹூக்' வசதி அதன் தேவையைப் பெரிதும் குறைத்தது. அடுத்தது கூட்டுக்கூறு: தேர்வுப் பட்டியலும் அதன் வரிகளும்போலத் தாயும் சேய்களும் ஒரே நிலையைப் பகிர்பவை. மூன்றாவது, உள்ளடக்கத்தை வெளியிலிருந்து ஏற்கும் கூறு. தமிழுக்கு மிகவும் பொருந்துவது இதுவே.

சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பக்கங்கள் தேவைப்படும் இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில் இதன் தேவை கண்கூடு. ஆங்கிலச் சொல்லுக்கு அகலம் அளந்த பொத்தானில் 'சமர்ப்பிக்கவும்' அடங்காது. 'திருகோணமலை' வாசகருக்கு 6 எழுத்து. யுனிகோடில் 10 குறியீடு. தலைப்பை 5 குறியீட்டில் வெட்டும் அட்டை 'திருக' என்று நிறுத்தி, 'கோ'வைச் சிதைத்துவிடும். எழுத்தெல்லை அறிந்து வெட்டும் வசதி ஜாவாஸ்கிரிப்டில் உண்டு. அதை அட்டைக் கூறுக்குள் ஒருமுறை வைத்தால் அந்த அட்டை வரும் பக்கமெல்லாம் திருந்தும். வைக்காவிட்டால் பிழையும் அத்தனை பக்கங்களிலும் பரவும். தமிழில் சோதிக்காத கூறினை மறுபயனுக்குரியது என்று இலங்கையில் சொல்ல இயலாது.

சென்னையில் 2010இல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் நிறுவனத்தின் 'க்ரேயான்ஸ்' கூறுத் தொகுப்பு, உலாவிகளின் பொதுத் தரமான வெப் காம்போனன்ட் முறையில் அமைந்தது. ஆகவே ரியாக்ட், வியூ என்னும் இரு நிரல் கருவிகளிலும் இயங்கும். சேவையகத்திலேயே இயங்கும் கூறுகளும் இப்போது வழக்கில் உள்ளன. 2024 டிசம்பரில் வந்த ரியாக்ட் 19 அவற்றை நிலையான பதிப்பில் சேர்த்தது.