எருவும் வெயிலும்: அந்தலூஸின் வேளாண் ஏடுகள்

அந்தலூஸ் என்றதும் குர்துபாவின் பள்ளிவாசலும் அல்ஹம்ரா மாளிகையும் நம் நினைவுக்கு வருகின்றன. அந்நாட்டு அறிஞர்கள் உழவுக்கலை பற்றி இயற்றிய நூல்களோ நம்மில் பலருக்கு அறிமுகமில்லை. 'ஃபிலாஹா' எனப்படும் அக்கலை கி.பி. 11, 12ஆம் நூற்றாண்டுகளில் அங்கே பெரிதும் செழித்தது.

துலைதுலாவின் மன்னர் மஃமூனின் தோட்டத்தில் பணியாற்றியவர் இப்னு பஸ்ஸால். 1085இல் அந்நகர் ஆறாம் அல்ஃபோன்ஸோவின் வசமான காலத்தில் அவர் இஷ்பீலியாவுக்குக் குடிபெயர்ந்தார். மண்ணைப் பத்து வகையாகப் பிரித்து, ஒவ்வோர் எருவின் தன்மையையும் தனித்தனியே விளக்கினார். முன்னோர் கூற்றுகளை மேற்கோள் காட்டாமல், தம் அனுபவத்தையே ஆதாரமாகக் கொண்டார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே இஷ்பீலியாவில் இப்னுல் அவ்வாம் 'கிதாபுல் ஃபிலாஹா'வைத் தொகுத்தார். முன்னோர் கருத்துகளோடு, ஷரஃப் பகுதியில் தாமே செய்து பார்த்தவற்றையும் அதில் பதிவு செய்தார். மண், எரு, நீர் ஆகிய மூன்றும் அதன் தொடக்க இயல்கள்.

இவர்கள் பயிர் வளர்ச்சியை எவ்வாறு விளங்கிக்கொண்டனர்? மண் இயல்பில் குளிர்ச்சியும் வறட்சியும் உடையது. வெயிலும் எருவும் அதற்கு வெப்பம் ஊட்டுகின்றன. நீர் ஈரம் தருகிறது என்பது அவர்களின் கோட்பாடு. ஆகவே உழுது புரட்டிய மண்ணை வெயிலில் காயவிட்டனர். புது எருவைத் தவிர்த்து, மக்கிய எருவை இட்டனர். புறா எச்சத்தை மிகுந்த சூடுடையதாகக் கருதி அளவோடு பயன்படுத்தினர்.

இன்றைய அறிவியலின்படி, புறா எச்சத்தின் வீரியத்திற்குக் காரணம் அதில் செறிந்துள்ள தழைச்சத்தும் மணிச்சத்துமே. வெயிலைப் பற்றிய உண்மையும் பிற்காலத்திலேயே வெளிப்பட்டது. இலையைப் பிராணவாயு வெளியிடச் செய்வது கதிரவனின் வெப்பமன்று, ஒளியே என்பதை 1779இல் யான் இங்கன்ஹௌஸ் சோதனைகளால் காட்டினார். தாவரங்களுக்குத் தாது உப்புகள் இன்றியமையாதவை என்பதை 1840இல் லீபிக்கின் நூல் பரவலாக நிலைநாட்டியது.

ஒளியும் உரமும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை இன்று நாம் அறிவோம். இலையிலுள்ள தழைச்சத்தின் பெரும்பகுதி ஒளிச்சேர்க்கை நிகழும் பசுங்கணிகங்களிலேயே இருக்கிறது. பச்சையத்தின் மூலக்கூற்று நடுவில் இருப்பது மக்னீசியம். எனவே சத்துக் குறைந்த பயிர், கிடைக்கும் வெயிலை முழுமையாகப் பயன்படுத்த இயலாது. ஒளி குறைந்த இடத்தில் தழைச்சத்தை மிகுதியாக இட்டாலோ, தண்டு நெடுத்து வலுவிழந்து பயிர் சாய்ந்துவிடும்.

எல்லாவற்றையும் நம் முன்னோர் அன்றே கண்டறிந்துவிட்டனர் என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. ஒளிச்சேர்க்கையை அந்தலூஸியர் அறிந்திருக்கவில்லை என்பதே உண்மை. விளைவைத் துல்லியமாகக் கண்டனர். காரணத்தை அக்காலத் தத்துவத்தின் வழியே விளக்கினர். சோதித்துப் பார்த்துப் பதிவு செய்த நேர்மையே அவர்களின் பெருமை. இப்னுல் அவ்வாமின் நூல் அறுநூறு ஆண்டுகள் கழித்து, 1802இல், அரபு மூலத்துடன் ஸ்பானிய மொழியில் மாட்ரிட்டில் அச்சேறியது. இங்கன்ஹௌஸுக்குப் பின்னரும் அதற்குத் தேவை இருந்தது என்பது இதனால் விளங்கும்.

இல்லாத புகழை அவர்களுக்குச் சூட்ட வேண்டியதில்லை. அரபு மொழி கற்கும் நம் மாணவர்கள் அந்த ஏடுகளைத் திறந்து பயில்வதே அவர்களுக்கு நாம் செய்யும் கைம்மாறாகும்.