கால் முளைத்த பேழை

மம்மி பார்க்க ஆசைப்படும் தமிழர் ஹைதராபாத்துக்கோ கொல்கத்தாவுக்கோ ஜெய்ப்பூருக்கோ ரயில் ஏறவேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் மம்மி கிடையாது. ஆனால் பல்லாவரத்து மண்ணிலிருந்து எடுத்த சுடுமண் ஈமப்பேழை உண்டு. அதன் முன் யாரும் அதிக நேரம் நிற்பதில்லை. தங்கமுகம் இல்லை, துணிச்சுற்று இல்லை, சாபக் கதையும் இல்லை. செங்கல் நிறத்தில் ஒரு நீளத் தொட்டி. அதன் அடியில் வரிசை வரிசையாகக் குட்டைக் கால்கள். பார்த்த மாத்திரத்தில், பெரிய மரவட்டை ஒன்று நடந்துகொண்டே இருந்து அப்படியே உறைந்துவிட்டதோ என்று தோன்றும்.

அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியல் அளவையாளர் 1880களில் பல்லாவரத்துக் குன்றுப் பக்கம் தோண்டியபோது இத்தகைய பேழைகளும் தாழிகளும் கிடைத்தன. பின்னாளில், 1899 முதல், ஆதிச்சநல்லூரைத் தோண்டிப் பெயர் வாங்கியவரும் இவரே. பல்லாவரத்துக்கு இது முதல் பெருமை அல்ல. அதற்கு முன்பே, 1863 மே 30 அன்று, நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கே படை அணிவகுப்புத் திடலருகே சரளைக் குழியில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியப் பழங்கற்கால ஆய்வு தொடங்கியதே அந்தக் குழியில்தான். கோடரி புகழ் பெற்றது. பேழை பின்னுக்குப் போனது.

இன்று தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கிவிட்ட பல்லாவரம் தொடங்கி, குன்றத்தூர் வழியாகச் செங்கல்பட்டு, மதுராந்தகம் வரை இரும்புக் கால மக்களின் புதைகாடுகள் பரவிக் கிடந்தன. உருண்டைப் பாறைகளை வட்டமாக நிறுத்தி, நடுவே குழி வெட்டி, பேழையையோ தாழியையோ இறக்கி, மேலே கல் குவிப்பார்கள். மதுராந்தகத்தை அடுத்த சானூரில் 1950லும் 1952லும் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கல்வட்டங்களுக்குக் கீழே இதே கால் முளைத்த பேழைகள் வந்தன. கூடவே கறுப்பு-சிவப்புப் பானைகள், இரும்புக் கருவிகள். ஊர்க்காரர்கள் இந்தக் குழிகளைப் பாண்டவர் குழி என்பார்கள். மாண்டவர் குழிதான் பாண்டவர் குழி ஆயிற்று என்று சொல்லும் புலவர்களும் உண்டு. வேறு சில ஊர்களில் கற்பலகை வைத்துக் கட்டிய கல்லறைகளுக்குக் குள்ளர் வீடு, வாலியர் வீடு என்று பெயர்.

வீடு என்று சொன்னது ஊகம்தான், ஆனால் குறி தப்பாத ஊகம். எகிப்தியர் தம் கல்லறைக்கு வைத்த பெயரே ‘என்றைக்குமான வீடு’ என்பதுதான். அரசன் வாழ்ந்த அரண்மனை பச்சை மண் செங்கல்லால் எழும்பியது; செத்த பிறகு குடியேறும் இடத்துக்குத்தான் கல். பல்லாவரத்திலும் நிலைமை வேறல்ல. இருந்து வாழ்ந்த குடிசைகள் மண்ணோடு மண்ணாகப் போய்விட்டன. சூளையில் வெந்த இறந்தவர் வீடுதான் மிஞ்சியது.

ஆங்கிலத்தில் இப்பேழைக்கு வழங்கும் சார்க்கோஃபேகஸ் என்ற சொல் கிரேக்கம். நேர்ப் பொருள், சதைதின்னி. அஸோஸ் என்ற ஊரின் சுண்ணக்கல்லில் பெட்டி செய்தால் அது பிணத்தின் சதையை விரைவில் அரித்துவிடும் என்று அக்காலத்தவர் நம்பினார்கள். இந்தச் சொல் எகிப்தியர் காதில் விழுந்திருந்தால் நடுங்கிப்போயிருப்பார்கள். அவர்கள் அதே பெட்டியை ‘நெப் அங்க்’ என்றார்கள். உயிரின் தலைவன் என்று பொருள். சதை ஒரு துளியும் போகக்கூடாது என்பதுதான் அவர்கள் கவலையெல்லாம்.

அந்தக் கவலைக்காக 70 நாள் பாடுபட்டார்கள். மூக்கு வழியாகக் கொக்கி விட்டு மூளையை வெளியே இழுத்தார்கள். சிந்திப்பது இதயம் என்று நம்பியதால் மூளையைப் பாதுகாக்கும் அக்கறை இல்லை. இடப்பக்கம் கீறி ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் நான்கையும் எடுத்து நான்கு சாடிகளில் தனித்தனியே வைத்தார்கள்; சாடிக்கு ஒரு காவல் தெய்வம். இதயத்தை மட்டும் உடலுக்குள்ளேயே விட்டார்கள். மறுமையில் தராசு காத்திருக்கிறதே! ஒரு தட்டில் இதயம், மறு தட்டில் மாஅத் தேவியின் இறகு. நரித்தலை அனுபிஸ் தராசைப் பிடிக்க, அரிவாள்மூக்கன் தலை கொண்ட தோத் கணக்கெழுதுவார். நம் ஊர்ச் சித்திரகுப்தன் வேலை அவருக்கு. இதயம் கனத்தால் முதலைத் தலையும் சிங்க மார்பும் நீர்யானைப் பின்பாதியும் கொண்ட அம்மித் அதை விழுங்கிவிடும். பிறகு அந்த ஆளுக்கு மறுமையே கிடையாது. உள்ளுறுப்பு எடுத்த உடலை நேட்ரான் என்ற உவர்உப்பில் மூடி உலர்த்தி, நார்த்துணியால் சுற்றி, கடைசியில் வாய் திறக்கும் சடங்கு செய்வார்கள். பூசாரி ஒரு சிறு வாய்ச்சியால் மம்மியின் உதட்டைத் தொடுவார். அதன்பின் இறந்தவர் உண்ணலாம், பேசலாம்.

பல்லாவரத்துக்காரர் வழி இதற்கு நேர் எதிர். இப்படிக் கல் நிறுத்திப் புதைத்த பெருங்கற்காலப் புதைப்பில் பெரும்பாலும் முழு உடல் வைப்பதில்லை. உடலை வேறோர் இடத்தில் காற்றுக்கும் மண்ணுக்கும் விட்டு, சதை கழிந்த பிறகு எலும்புகளில் சிலவற்றைப் பொறுக்கிப் பேழையில் இட்டார்கள். சதைதின்னிக்குத் தின்ன மிச்சம் இல்லை. எகிப்தியக் கதையில் ஒசிரிஸின் உடலை அவன் தம்பி துண்டு துண்டாக்கி நாடெங்கும் எறிய, மனைவி ஐசிஸ் அலைந்து திரிந்து பொறுக்கிச் சேர்த்துக் கட்டுகிறாள்; முதல் மம்மி அப்படித்தான் உண்டானது. அவளுக்கு எல்லாத் துண்டும் வேண்டியிருந்தது. இங்கே ஒரு மண்டையோடும் கைகால் எலும்பு சிலவும் போதும், ஆள் அங்கே இருப்பதாகப் பொருள். தகனம் முடிந்து மறுநாள் சுடுகாட்டில் எலும்பு பொறுக்கப் போகும் வீட்டார் இன்றும் அந்தக் கணக்கையே கடைப்பிடிக்கிறார்கள். ஒரு கலயம் நிறைந்தால் போதும்.

சோற்று விஷயத்தில் மட்டும் இரு நாட்டாரும் ஒன்று. எகிப்தியக் கல்லறையில் ரொட்டி, பார்லி மது, வாத்து. வயல் வேலை செய்யப் பொம்மை ஆட்கள் வேறு. தமிழ்நாட்டில் பானை பானையாக உணவு. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று ஆய்வகக் கணிப்பு வந்ததாக 2021இல் தமிழக அரசு அறிவித்தது. வேடிக்கை என்னவென்றால், எகிப்தின் மூன்றாம் ராம்செஸ் அந்தப்புரச் சதியில் கழுத்தறுபட்டு மாண்ட ஆண்டாக வரலாற்றாசிரியர்கள் பொதுவாகக் குறிப்பதும் கி.மு. 1155தான். அங்கே வாய் திறக்கச் சடங்கு, இங்கே வாய்க்கரிசி. ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று யாராவது கிளம்பினால் நம்பவேண்டாம். பசி எல்லா ஊருக்கும் பொது. இறந்தவருக்கும் பசிக்கும் என்று நினைக்க ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

குயவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எகிப்தின் ஆட்டுத்தலைத் தெய்வம் க்னும், குயவன் சக்கரத்தில் மனிதனை வனைந்து தாயின் வயிற்றில் வைக்கிறான். சங்கப் பாடல்களில் குயவரைத் தேடி வருவது சாவு. கணவனை இழந்தவள் தாழியைத் தனக்கும் இடம் இருக்கும்படி அகலமாக வனையச் சொல்லும் புறநானூற்றுப் பாட்டு இதற்குச் சான்று. பேழை செய்வது தாழி செய்வதைவிடக் கடினம். அதைச் சக்கரத்தில் ஏற்ற முடியாது, கையாலேயே கட்டவேண்டும். தடித்த மண் சீராக வேகாவிட்டால் சூளையிலேயே வெடித்துவிடும். அந்தக் குட்டைக் கால்களுக்கு ஆவி உலகப் பயணம் என்றெல்லாம் விளக்கம் சொல்லலாம். அடிப்பாகத்துக்கும் அனல் போய்ச் சேரட்டும் என்று ஒரு குயவர் யோசித்திருப்பார் என்பதே அதிகம் பொருந்துகிறது. ஆந்திரத்துச் சங்கவரத்தில் கிடைத்த பேழை மட்டும் விலங்கு உருவிலேயே இருக்கிறது. அந்தக் குயவருக்குக் கால்கள் வேறு ஏதோ சொல்லியிருக்கின்றன.

இரு நாடுகளும் பின்னாளில் உண்மையாகவே சந்தித்தன, கடைத்தெருவில். அதற்கு முன்பே கி.மு. 1213இல் இறந்த இரண்டாம் ராம்செஸின் மூக்குத் துளைகளில் மிளகு இருந்தது. அன்று மிளகு விளைந்தது தென்னிந்தியாவில். செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் ஒரு கோயிலருகே இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. இன்னொரு செங்கடல் துறைமுகமான குசேர் அல்-காதிமில் கிடைத்த பானையோட்டில் தமிழ்-பிராமி எழுத்தில் பானையும் உறியும் பேசப்படுகின்றன. எகிப்துக்குப் போன தமிழர் அங்கே எழுதிவைத்தது தத்துவம் அல்ல, பாத்திரக் கணக்கு.

பல்லாவரத்து இறந்தவர்கள் இன்றும் வாழ்பவர்களைக் கட்டுப்படுத்துகிறார்கள். 2010இல் திருத்தப்பட்ட தொல்சின்னச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட இடத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது. அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். பாதுகாக்கப்பட்ட புதைகாடு இருக்கும் ஜமீன் பல்லாவரத்தில் வீட்டுக்கு மேல் ஒரு மாடி எடுக்க முடியாமல் தவித்தவர்களுக்குப் பெருங்கற்காலம் என்றாலே கசப்பு. எகிப்திலும் இதே தகராறுதான். லக்சருக்கு நைலின் எதிர்க்கரையில், பிரபுக்களின் கல்லறைகள் மேலேயே வீடு கட்டிக் குடியிருந்த குர்னா மக்களை எகிப்து அரசு வேறிடத்தில் குடியேற்றி, 2006 கடைசியில் வீடுகளை இடிக்கத் தொடங்கியது. குர்னாவுக்குச் சுற்றுலாப் பயணியாவது வருகிறார். ஜமீன் பல்லாவரத்துக்கு அவரும் இல்லை.

குன்றுகள் மட்டும் எந்த விதிக்கும் முன்பே கரையத் தொடங்கிவிட்டன. பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் பகுதிப் பாறை சென்னைக்கு ஜல்லியாயிற்று. ஒரு துண்டு இன்னும் தொலைவு போனது. 1690களில் கல்கத்தாவில் இறந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைமேல் வைத்த பலகை இந்தப் பக்கத்துக் கருங்கல். நிலவியலாளர் ஹாலந்து 1893இல் அதை ஆராய்ந்து, அந்தப் பாறை வகைக்கே சார்னக்கைட் என்று பெயர் வைத்தார். எகிப்திய மன்னர்களின் கல்லறைகளுக்கு நைல் வழியே 800 கிலோமீட்டருக்கும் மேல் கல் அனுப்பிய அஸ்வானின் பழம்பெயர் சைனே. சையனைட் என்ற பாறைக்கு அந்த ஊரின் பெயர் கிடைத்தது. பல்லாவரத்துப் பாறைக்குக் கிடைத்தது, அதன் அடியில் படுத்திருந்தவர் பெயர்.