தலைதட்டிய கோப்பை

ஒரு கோப்பை துருவிய செடார் சீஸ் எத்தனை கிராம்? அமெரிக்கச் சமையல் குறிப்புகள் வழக்கமாக 4 அவுன்ஸ், அதாவது 113 கிராம் என்கின்றன. அதே கோப்பையில் கிரீம் சீஸை நிரப்பினால் ஏறக்குறைய 8 அவுன்ஸ், 227 கிராம். கோப்பை ஒன்றுதான், சுமார் 237 மில்லிலிட்டர். எடை மட்டும் இரட்டிப்பாகிறது. போதாததற்கு அவர்களுடைய ஒரு கோப்பைத் திரவமும் 8 அவுன்ஸ்தான். எடைக்கும் கொள்ளளவுக்கும் ஒரே பெயர். யாருக்குத்தான் குழம்பாது?

பொறியியல் படித்தவனுக்கு இது பழகிய கணக்கு. மணலோ தானியமோ, குவியலாகக் கிடப்பதைக் கொள்ளளவில் அளந்தால் இடையில் உள்ள காற்றையும் சேர்த்துத்தான் அளக்கிறோம். கட்டி செடார் தண்ணீரைவிடச் சற்றே கனமானது. இடைவெளி இல்லாமல் அடைத்தால் அந்தக் கோப்பையில் 250 கிராம் அளவுக்குப் பிடிக்கும். அப்படின்னா துருவிய சீஸ் கோப்பையில் பாதிக்கு மேல் வெறும் காத்துதான். துருவியின் துளை மாறினால் காற்றின் பங்கும் மாறும். கோப்பை இங்கே சீஸை மட்டும் அளக்கவில்லை, துருவியையும் சேர்த்து அளக்கிறது.

இவ்வளவு தடுமாறும் ஓர் அளவையை ஒரு நாடே ஏன் பிடித்துக்கொண்டது? 1861இல் வந்த இசபெல்லா பீட்டனின் நூல் போன்ற பிரிட்டிஷ் சமையல் நூல்கள் பவுண்டிலும் அவுன்ஸிலும் பேசின. அமெரிக்க வீடுகளில் தராசைவிடக் கோப்பையும் கரண்டியும்தான் கைக்கு எட்டின. ஆனால் ஒவ்வொரு வீட்டுக் கோப்பையும் ஓர் அளவு. ‘முட்டை அளவு வெண்ணெய்’ என்று எழுதினால் யார் வீட்டுக் கோழியின் முட்டை?

1879இல் தொடங்கப்பட்ட பாஸ்டன் சமையல் பள்ளி இந்தக் குழப்பத்தைக் கையில் எடுத்தது. மேரி லிங்கனின் 1884ஆம் ஆண்டு நூலிலேயே அளவுகளை ஒழுங்குபடுத்தும் முயற்சி இருக்கிறது. அதை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தவர் ஃபேனி ஃபார்மர். 16 வயதில் பக்கவாதம் வந்து படிப்பு நின்றது. முப்பதைத் தாண்டிய பிறகே அந்தப் பள்ளியில் மாணவியாகச் சேர்ந்து, பிறகு அதன் முதல்வரானார். 1896இல் அவருடைய நூலை அச்சிடப் பதிப்பகம் தயங்கியது. முதல் 3,000 பிரதிகளின் செலவை அவரே ஏற்றார். கோப்பையை நிரப்பி, கத்தியால் மேலே வழித்துவிட வேண்டும் என்பது அவருடைய விதி. நம் ஆட்கள் படியைத் தலைதட்டி அளந்த அதே முறை.

இதை வெறும் சமையல் நுணுக்கமாக என்னால் பார்க்க முடியவில்லை. கைப்பக்குவம் என்பது பக்கத்தில் நின்று கற்றுத்தர ஒருவர் வாய்த்தவர்களின் சொத்து. ஊர்விட்டு வந்தவளுக்கும் தாயில்லாதவளுக்கும் தலைதட்டிய கோப்பைதான் ஆசிரியர். சர்க்கரையில் அது பெரும்பாலும் காலை வாருவதில்லை. துருவிய சீஸில்தான் கோளாறு. துருவியைச் சொல்லாமல் ‘ஒரு கோப்பை’ என்றால் பாதித் தகவல்தான். ஆகவே, 113 கிராம் இயற்கை விதி அல்ல, ஓர் உடன்பாடு. நடுத்தரத் துளையில் துருவி, அமுக்காமல் நிரப்பினால் மட்டுமே அது பொருந்தும். தராசு இருந்தால் எடையை நம்புவதே நல்லது.

நம் வீடுகளிலும் இப்படி ஒரு கோப்பை உண்டு: அரிசி அளக்கும் பால் டின். “எத்தனை டின்மா?” என்றால் அம்மாவிடம் பதில் இருக்கும். மசாலாவுக்குக் கேட்டால், “கண்ணால பாத்துப் போடு, அதுக்கெல்லாமா கணக்கு?” என்பார். அந்தக் கண் அவரோடு போய்விடும். அதனால் அவர் கையள்ளிப் போடுவதற்குமுன் தராசில் வைத்து வாங்கி எழுதிக்கொள்கிறேன். பக்கத்தில் கிராம், அடைப்புக்குள் எந்த டின், எந்தக் கரண்டி என்பதும்.