உறைபனிக் காட்டில் தீ வளர்த்தோர்

நெருப்பை முதன்முதலில் கண்டறிந்த ஆதி மனிதனைக் குறித்துச் சரித்திர நூல்கள் விரிவாகவே பேசுகின்றன; ஆனால் நிலமும் நீரும் காற்றும் ஒருங்கே நெருப்புக்குப் பகையாய் நிற்கும் பிரதேசங்களில், தலைமுறை தலைமுறையாக அதை வளர்த்தும் காத்தும் வந்த ஜனங்களைப் பற்றி அவை அனேகமாக மௌனமாகவே இருந்துவிடுகின்றன. கனடா தேசத்தின் வடமேற்கே பரந்து கிடக்கும் ஊசியிலைக் காடுகள் அத்தகைய பிரதேசம். வெப்பமானியில் உள்ள பாதரசமே கட்டியாய் உறைந்துபோகும் குளிர் அங்கே குளிர்காலத்தில் அபூர்வமன்று.

அந்தக் காட்டில் பொறி உண்டாக்குவது கடினமான காரியந்தான். அதனினும் கடினம், உண்டான தீயை நிலைக்க வைப்பது. பனியின்மேல் மூட்டிய தீ, தன் உஷ்ணத்தினாலேயே அடியில் உள்ள பனியை உருக்கி, அந்த நீரிலேயே அமிழ்ந்து அணைந்துவிடும். ஆகவே அங்குள்ள டெனே குலத்தார், பனியில் புதையாமல் நடப்பதற்காகக் காலில் கட்டிக்கொள்ளும் அகன்ற மிதியடியையே மண்வெட்டியாகக் கொண்டு, தரை தென்படும்வரை பனியை வாரி ஒதுக்கினார்கள். தரையை எட்டமுடியாத ஆழமாயின், பச்சை மரத் துண்டுகளை நெருக்கமாக அடுக்கி, அந்தப் பரணின்மேல் தீ வளர்த்தார்கள். விழுந்து கிடக்கும் மரம் பனியின் ஈரத்தை உறிஞ்சியிருக்குமாதலால், பட்டுப்போயும் விழாமல் நிற்கும் மரத்தையே விறகுக்கு வெட்டினார்கள். ஊசியிலை மரத்தின் கீழ்க் கிளைகளில், மேலுள்ள தழையின் மறைவில் காய்ந்து நிற்கும் மெல்லிய குச்சிகளே அவர்களுக்குச் சுள்ளி. முதல் சுடரை ஏற்பதற்கோ, காஷ்மீரத்துப் பண்டிதர்கள் சுவடி எழுதிய பூர்ஜ மரத்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் பட்டை இருந்தது. எண்ணெய்ப் பசை மிகுந்த அந்தப் பட்டை நனைந்திருந்தாலும் பற்றிக்கொள்ளும். பனி சுமந்து நிற்கும் கிளைகளுக்கு அடியில் ஒருபோதும் தீ மூட்டலாகாது என்பது மற்றொரு விதி. அனல் மேலே எழுந்ததும் கிளையின் பாரம் சரிந்து தீயின் தலையிலே விழும். ஜாக் லண்டன் 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற கதையில் ஒரு மனிதனின் உயிர் போவதற்குக் காரணமாவது இந்த ஒரு விதியை மறந்ததுதான்.

இந்த வித்தையை எழுதிவைத்தவர் எவரும் அந்த ஜனங்களிடையே இல்லை. அன்னியர் எழுதிய யாத்திரைக் குறிப்புகளில், வேறு எதையோ சொல்லவந்த இடத்தில், அது தற்செயலாகத் தலைகாட்டுகிறது. அவ்வாறு கிடைப்பவற்றுள் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது, ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் ஊழியரான சாமுவேல் ஹெர்ன் என்பவர் எழுதிவைத்த ஒரு விருத்தாந்தம்.

செப்புத் தாது கிடைக்கும் நதியைத் தேடி 1770ஆம் ஆண்டு டிசம்பரில் புறப்பட்ட ஹெர்ன், மட்டோனபி என்ற டெனே தலைவரின் துணையால் மறு ஆண்டு வட சமுத்திரக் கரையை அடைந்து, திரும்பும் வழியில் கிரேட் ஸ்லேவ் ஏரியைக் கடந்து அதன் தென்பால் வந்துகொண்டிருந்தார். மரமே இல்லாத வெளிகளில் ஈரப் பாசி பற்றாமற்போக, மாமிசத்தைப் பச்சையாகவே உண்ணவேண்டிய நாட்களையும் அந்தப் பிரயாணத்தில் அவர் கண்டிருந்தார். 1772ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் தேதி, அவருடன் வந்த வேடர்கள் சிலர் முன்பின் அறியாத மிதியடித் தடம் ஒன்றைப் பனியிலே கண்டு, அதைத் தொடர்ந்து சென்று, ஒரு சிறு குடிசையையும் அதில் தனியே வாழ்ந்த ஓர் இளம் பெண்ணையும் கண்டார்கள். அவள் டாக்ரிப் குலத்தவள். 1770ஆம் ஆண்டுக் கோடையில் பகைவர்களால் சிறைபிடிக்கப்பட்டு, மறு கோடையில் தப்பித் தன் நாட்டுக்குத் திரும்ப எண்ணி, வழி தெரியாமல் அவ்விடத்திலேயே தங்கிவிட்டவள். ஏழு மாத காலம் அவள் வேறு மனித முகத்தையே பார்த்ததில்லை. அவளிடம் இருந்த இரும்பெல்லாம், வளையத் துண்டு ஒன்றைத் தீட்டிச் செய்த ஐந்தாறு அங்குலக் கத்தியும், அம்பின் முனைத்தண்டு ஒன்றும் மட்டுமே. கண்ணி வைத்துப் பறவையும் முயலும் பிடித்தாள். முயலின் கால் நரம்புகளைத் திரித்துப் புதிய கண்ணிகள் செய்தாள். முயல் தோலால் அழகும் கதகதப்பும் பொருந்திய உடை தைத்துக்கொண்டாள். ஓய்ந்த வேளைகளில், வசந்தத்தில் மீன்வலை பின்னும் உத்தேசத்துடன், வில்லோ மரத்தின் உட்பட்டையைக் கயிறாகத் திரித்து வைத்திருந்தாள்.

தீக்கு அவளிடம் இருந்தவை கந்தகம் கலந்த இரண்டு கடினமான கற்கள். நெடுநேரம் உரசியும் தட்டியும் சில பொறிகள் எழும். அவை உளுத்த மரத்தூளில் பட்டுக் கனன்றால் உண்டு, இல்லையேல் மறுபடியும் முயலவேண்டும். எனவே குளிர்காலம் தொடங்கியது முதல் அந்தத் தீயை அவள் அணையவே விடவில்லை. இதை ஹெர்ன் இரண்டொரு வாக்கியங்களில் விநோதச் செய்தியாகச் சொல்லி முடித்துவிடுகிறார். ஆனால் அந்த வாக்கியங்களுக்குள்ளே எத்தனை இரவுகள் அடங்கியிருக்கின்றன! வேட்டைக்குப் போகுமுன் தணலை நீற்றில் புதைத்து, எவ்வளவு தொலைவு சென்றாலும் அது உயிரோடிருக்கும் கால அளவுக்குள் குடிசைக்குத் திரும்பி, காய்ந்த மரம் இன்ன திசையில் இன்னும் இவ்வளவு இருக்கிறது என்ற கணக்கை மனத்திலே வைத்துக்கொண்டு வாழ்ந்தாலன்றி அது கைகூடியிராது. அறிவின் பேராற்றலுக்கு உதாரணம் கேட்பவர்களுக்கு நான் தயக்கமின்றி இவளையே காட்டுவேன். அவளது பெயரை ஹெர்ன் குறிக்கவில்லை.

1827ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜான் வாக்கர் உரசினால் பற்றும் தீக்குச்சியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பொறிக்காகப் படும் பாடு அத்தோடு நீங்கிற்று. விறைத்த விரல்களால் அந்தக் குச்சியைப் பிடிக்கும் பாடு நீங்கவில்லை.

1896ஆம் ஆண்டு ஆகஸ்டில் யூகான் பிரதேசத்துக் கிளாண்டைக் ஆற்றின் கிளையோடை ஒன்றில் தங்கம் அகப்பட்டதும், ஆயிரக்கணக்கானோர் அந்தக் குளிருக்குள் திரண்டு வந்தார்கள். தங்கமோ, ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் மண்ணின் அடியில், பாறைத் தளத்தை ஒட்டிக் கிடந்தது. கோடையில் தோண்டினால் குழியில் நீர் நிரம்பும். ஆகையால் குளிர்காலத்திலேயே, மாலையில் குழிக்குள் விறகை அடுக்கித் தீ வைத்து, காலையில் புகையும் நச்சுக் காற்றும் அடங்கிய பின் இறங்கி, இளகிய மண்ணை இராட்டினத்தால் மேலே இழுத்துக் குவித்தார்கள். ஓரிரவுத் தீ ஏறக்குறைய ஓரடி மண்ணைத்தான் இளக்கும். மறுநாள் மாலை மீண்டும் விறகு, மீண்டும் தீ. குவிந்த மண்ணை வசந்தத்தில் ஓடை உருகிய பின்னரே கழுவிப் பார்க்க முடியும். இவ்வாறு ஓடைதோறும் நூற்றுக்கணக்கான குழிகள் இரவெல்லாம் எரிந்ததில், டாசன் நகரைச் சுற்றிய மலைச்சரிவுகள் மொட்டையாயின. பின்னர்க் குழாய்களின் வழியே நீராவியைச் செலுத்தி மண்ணை இளக்கும் முறை வந்தது. அந்தக் கொதிகலன்களுக்கும் காடுதான் இரையாயிற்று.

அந்தக் காடுகளில் எந்த மரம் எப்போது எரியும் என்பதை நெடுங்காலமாக அறிந்திருந்த டிரான்டெக் ஹ்வெச்சின் ஜனங்களோ, கிளாண்டைக் ஆறு யூகான் நதியில் கலக்கும் இடத்தில் இருந்த தங்கள் மீன்பிடி வாசத்தலத்தை வந்தேறிகளிடம் இழந்து, தலைவர் ஐசக்கின் பின்னே 1897ஆம் ஆண்டில் ஆற்றோட்டத்தின் கீழே மூன்று மைல் தள்ளியிருந்த மூஸ்ஹைடு என்னும் கிராமத்துக்குக் குடிபெயர்ந்தார்கள்.