உத்தியோக மாப்பிள்ளையும் மூலதனக் கணக்கும்
யாழ்ப்பாணத்துக் குடும்பக் கல்விச் செலவு பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

'மனித மூலதனம்' என்னும் கருத்தாக்கத்தை 1960களில் அமெரிக்கப் பொருளியலாளரான தியடோர் சுல்ட்சும் கரி பெக்கரும் வளர்த்தெடுத்தனர். பிள்ளையின் கல்விக்குப் பெற்றோர் செய்யும் செலவு வெறும் நுகர்வன்று, பின்னாளில் வருமானந் தரும் முதலீடே என்பது அதன் சாரம். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இது புதுமையாகத் தோன்றியிராது. ஆயின், குடும்பத்தை ஒரே நலனுடைய அலகாகக் கொள்ளும்போது, யார் செலவைச் சுமந்தார், யாரிடம் பயன் சேர்ந்தது என்னும் வினா மறைந்துவிடுகிறது.

1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் விடுதிப் பாடசாலைகளிற் சிறுபிள்ளைகளுக்கு உணவும் உடையும் அளித்தே கற்பித்தனர். பெற்றோர் நாடியதோ வேதமன்று, ஆங்கிலம். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினறி 1855இல் மூடப்பட்டமைக்கு, ஆங்கிலம் கற்றோர் ஊழியத்தை விட்டு அரசாங்க உத்தியோகத்தை நாடியமையும் ஒரு காரணமாகும். பின்னர் மலாயாவின் புகையிரதப் பகுதியும் அரசாங்கக் கந்தோர்களும் இக்கல்விக்கு விலை கொடுத்தன. அவ்விலையைத் தீர்மானித்தது மாணவனின் திறமை மட்டுமன்று. எழுதுவினைஞரை வேண்டிநின்ற குடியேற்ற ஆட்சியின் தேவையே முதன்மையானது.

போட்ட முதல் எவ்வாறு திரும்பியது? இவ்விடத்திலே தேசவழமை மிகுந்த கவனத்துக்குரியது. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த அச்சட்டத்தின்படி, மணமாகாத மைந்தரின் உழைப்பு, அவர் அணியும் நகைகள் போன்றவை நீங்கலாக, பெற்றோரின் பொதுத்தேட்டத்திற் சேரவேண்டும். பெண்மக்களின் சீதனமும் அதிலிருந்தே சென்றது. எனவே தமையனின் சம்பளம் தங்கையின் சீதனமாயிற்று. தங்கைமார் கரைசேரும்வரை தமையன் மணமுடியாதிருத்தல் வழக்கமாயிற்று. அவன் மணமுடிக்கும்போது பெண்வீட்டார் கொடுத்த 'டொனேசன்', படிப்பித்த செலவுக்கு ஈடாகவே கருதப்பட்டது. ஒரு வீட்டின் முதலீட்டை மற்றொரு வீடு வட்டியுடன் தீர்த்தது என்றாலும் தவறாகாது. சட்டமும் வழக்கமும் இன்றி இம்மூலதனம் மூலதனமாகியிராது.

உழைப்புச் சக்தியின் பெறுமதியிற் பயிற்சிச் செலவும் அடங்கும் என்று மார்க்ஸ் 1867இலேயே எழுதினார். ஆனால் யாழ்ப்பாணத்தில் அச்செலவுக்கான பணம் பெருமளவு வந்தது புகையிலைத் தோட்டங்களிலிருந்து. அத்தோட்டங்களில் நீரிறைத்தவர்களும் மண்கொத்தியவர்களும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். இலங்கையில் அடிமைமுறை 1844இல் சட்டப்படி ஒழிந்த பின்னரும் அவர்தம் பிள்ளைகளுக்கு வகுப்பறை நெடுங்காலம் எட்டாததாயிருந்தது. எட்டியபோதும் நிலத்திலேயே அமர நேர்ந்தது. 1920களின் இறுதியிற் சமஆசனம் கோரப்பட்டபோது எழுந்த மூர்க்கமான எதிர்ப்பு, முதலிட்டோர் தம் ஏகபோகத்தைக் காக்க முனைந்ததன் வெளிப்பாடேயாகும்.

கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் கட்டணத்தை நீக்கிற்று. அது இந்நூற்றாண்டுக் கணக்கை உடைத்த பெரும் மாற்றமென்பதில் ஐயமில்லை. எனினும் ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பத்து வயதும் நிரம்பாத பிள்ளைகள் இன்று பின்னேரங்களில் ரியூசன் வகுப்புகளிற் காத்திருக்கின்றனர். கட்டணம் பாடசாலை வாசலை விட்டு அடுத்த ஒழுங்கைக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. அதைக் கட்ட இயலாத கூலித்தொழிலாளியின் பிள்ளை முன்போலவே வெளியில் நிற்கிறது.