யோசப் வாஸ் அடிகளாரின் தொண்டு

பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கைத் தீவின் கரையோர நாடுகள் போர்த்துக்கேயர் கையினின்றும் ஒல்லாந்தர் கைக்கு மாறின. 1656 ஆம் ஆண்டிற் கொழும்பும், 1658 ஆம் ஆண்டில் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. அரசு மாறியதோடு குடிகளின் சமயமும் மாறவேண்டுமென்பது புதிய ஆட்சியாளரின் கொள்கை. கத்தோலிக்க குருமார் நாடு கடத்தப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்போர் மரண தண்டனைக்கு உரியர் எனக் கட்டளை பிறந்தது. கோயில்கள் பறிக்கப்பட்டுச் சீர்திருத்தச் சபையின் ஆலயங்களாகவும் பாடசாலைகளாகவும் ஆக்கப்பட்டன. அச்சபையில் ஞானஸ்நானம் பெற்றவருக்கே அரசாங்க உத்தியோகம் கிடைத்தது. விவாகமும் பிறப்பும் பாடசாலைத் தோம்பில் ஏறவேண்டியிருந்தமையால், குடிகள் அச்சபையின் வாயிலை மிதியாது வாழ்தல் அரிதாயிற்று.

ஒல்லாந்தர் செய்தது புதிய வழக்கமன்று. அவர்களுக்கு முன்னிருந்த போர்த்துக்கேயரும் வாளையும் வேதத்தையும் ஒன்றாகவே கொண்டுவந்தவர்கள். யாழ்ப்பாண இராச்சியத்தை அடிப்படுத்திய பிலிப்பு தெ ஒலிவேறா 1621 ஆம் ஆண்டில் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடிப்பித்தமை நேயர்கள் அறிந்ததே. அக்காலத்தில் ஞானஸ்நானம் பெற்றோருள் உண்மையான பற்றினாற் பெற்றவரும் இருந்தனர். பதவியையும் வரிச் சலுகையையும் விரும்பிப் பெற்றவரும் இருந்தனர். இவ்விரு திறத்தாரையும் பிரித்தறியும் சோதனைக்காலம் 1658 இற்குப் பின்னர் வந்தது. குருவும் இல்லை, கோயிலும் இல்லை, அரசின் ஆதரவும் இல்லை. இந்நிலையில் கத்தோலிக்க விசுவாசம் ஒரு தலைமுறைக்குள் மறைந்துபோகுமென ஒல்லாந்தர் எண்ணினர். அவ்வாறு மறையாமைக்குக் காரணராயிருந்தோருள் முதன்மையானவர் கோவாவிலிருந்து வந்த யோசப் வாஸ் அடிகளார்.

அடிகளார் 1651 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21 ஆம் நாள், கோவா நாட்டிலுள்ள பெனவுலிம் என்னும் ஊரிற் பிறந்தார். கொங்கணி பேசும் பிராமண மரபினரான அவருடைய முன்னோர் கத்தோலிக்க சமயத்தைத் தழுவியவர்கள். 1676 ஆம் ஆண்டிற் குருப்பட்டம் பெற்ற அவர், 1681 முதல் 1684 வரை கன்னட நாட்டிற் பணியாற்றினார். பின்னர் கோவாவிற்கு மீண்டு, அங்கு இந்தியக் குருமார் சிலர் கூடித் தொடங்கியிருந்த ஒரத்தோரியச் சபையிற் சேர்ந்தார். இலங்கைக் கத்தோலிக்கர் குருவின்றித் தவிக்கின்றனர் என்னும் செய்தி அவருள்ளத்தை நெடுநாளாக வருத்திவந்தது. ஐரோப்பியக் குரு ஒருவர் ஒல்லாந்தர் காவலைக் கடந்து இலங்கைக்குட் புகுவது எளிதன்று. நிறமும் நடையும் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்திய நாட்டவர் ஒருவர் ஏழைக் கூலியாள் வேடத்திற் சென்றால் ஐயுறுவார் இலர். ஐரோப்பியருக்கு அடுத்த நிலையிலேயே வைத்து எண்ணப்பட்ட இந்தியக் குருமாருக்கு அவர்களுடைய நிறமே இப்பணிக்குத் தகுதியாய் அமைந்தது.

1686 ஆம் ஆண்டில் அடிகளார் கோவாவை விட்டுப் புறப்பட்டார். யுவான் என்னும் பணியாளரும் உடன் சென்றார். தரைவழியே தெற்கு நோக்கி நடந்து தூத்துக்குடியை அடைந்து, குருவுக்குரிய அங்கியைக் களைந்து, கந்தையுடுத்து, 1687 ஆம் ஆண்டில் மரக்கலம் ஏறினார். காற்றுக்கு அலைப்புண்ட அக்கலம் பல நாட்களின் பின்னரே கரை சேர்ந்தது. பசியும் களைப்பும் மேலிட யாழ்ப்பாணத்தை அடைந்த அவரை வயிற்றுளைவு நோய் பற்றிக்கொண்டது. ஊரார் நோய்க்கு அஞ்சி விலகினர். கஞ்சி வார்த்து உயிர் காத்தவள் அவ்வூர்ப் பெண்ணொருத்தி. பிறரைத் தேற்ற வந்த குரு முதலிற் பிறராலே தேற்றப்பட்டார்.

நோய் நீங்கியபின் வேறோர் இடர் எதிர்ப்பட்டது. கத்தோலிக்கர் யாவர், அல்லாதார் யாவர் என்பதை அறிவது எவ்வாறு? வாய் திறந்து வினவினால் ஒற்றர் செவியில் விழும். அடிகளார் செபமாலையைக் கழுத்திலணிந்து வீடு வீடாகப் பிச்சையேற்றார். பிச்சையிடுவோர் அம்மாலையை நோக்கும் முகக்குறிப்பை அவர் கூர்ந்து கவனித்துவந்தார். பலர் வெறுமனே பார்த்தனர். ஒரு வீட்டாரிடத்து மாத்திரம் அம்மாலை அன்பையும் அச்சத்தையும் ஒருங்கே எழுப்பியது. மறுபடியும் அவ்வீட்டுக்குச் சென்று பழகி, ஐயம் தெளிந்தபின்னரே தாம் குருவென்பதை வெளியிட்டார். அவ்வீட்டாரோ முப்பது ஆண்டுகளாகக் குருவின் முகம் காணாதவர்கள்.

அன்று தொடக்கம் இரவே அடிகளாரின் பகலாயிற்று. யாழ்ப்பாணத்துச் சில்லாலைக் கிராமத்துக் கத்தோலிக்கர் அவரை மறைத்து வைத்துப் பேணினர். இருள் சூழ்ந்தபின் ஊர்விட்டு ஊர் சென்று, பாவசங்கீர்த்தனம் கேட்டு, விடியுமுன் பூசை நிறைவேற்றி, மீண்டும் மறைந்துறைவது அவர் வழக்கம். ஒருவரால் எல்லா ஊர்களையும் காத்தல் இயலாதென்பதை அவர் விரைவில் உணர்ந்தார். ஆதலின் ஊர்தோறும் மூப்பர் எனவும் அண்ணாவி எனவும் பொதுநிலையினரைத் தலைவராக ஏற்படுத்தினார். செபம் சொல்லுதல், சிறுவருக்கு மந்திரங்கற்பித்தல், மரணத் தறுவாயிலிருப்போரைத் தேற்றுதல், குரு இல்லாதவிடத்துக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் அளித்தல் முதலியன அவர்களுடைய பொறுப்பாயின. தாம் பிடிபட்டாலும் மாண்டாலும் பணி நின்றுவிடாதிருத்தற்கு அவர் செய்த ஏற்பாடு இது. ஈழத்துக் கத்தோலிக்க ஊர்களில் மூப்பர் என்னும் பெயர் பிற்காலத்திலும் வழங்கிவந்தமை நேயர் பலர் அறிந்ததே.

அடைக்கலம் கொடுத்தோர் அதற்கு விலை கொடுக்கவும் நேர்ந்தது. 1689 ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் ஒல்லாந்தரின் சேவகர் கத்தோலிக்கர் கூடியிருந்த வீட்டினுட் புகுந்து பலரைச் சிறைப்பிடித்தனர். ஒல்லாந்தர் சபையை விட்டுப் பழைய சமயத்துக்கு மீண்ட சிலர் கசையடிக்கும் விலங்கிட்ட வன்வேலைக்கும் ஆளாயினர். அவருள் ஒருவர் அடிபட்டே மாண்டாரென அடிகளாரின் வரலாற்றை எழுதியோர் கூறுவர். குருவைக் காட்டிக் கொடுத்திருந்தால் அவர்கள் தப்பியிருக்கலாம். விசுவாசத்தில் ஒருவரை ஒருவர் உறுதிப்படுத்துதல் என்பது குரு மக்களுக்குச் செய்வதாக மாத்திரம் இருக்கவில்லை. மறைந்துறைந்த குருவைப் பணியில் உறுதிப்படுத்தியவர்கள் இப்பெயரறியா மக்களே.

யாழ்ப்பாணத்தில் இனியும் தங்கினால் மக்களுக்கே இன்னல் மிகுமெனக் கண்ட அடிகளார் புத்தளம் சென்றார். அப்பகுதி கண்டியரசனின் ஆட்சிக்குட்பட்டது. அங்கு சில காலம் பணியாற்றி, 1692 ஆம் ஆண்டிற் கண்டி மாநகரை நோக்கிச் சென்றார். ஒல்லாந்தர் ஆட்சிக்கு அப்பாற்பட்ட மலைநாட்டிலே போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்களும், கரையோரத்திலிருந்து ஓடிவந்தோருமாகிய கத்தோலிக்கர் பலர் வாழ்ந்தனர். ஆயினும் அவர் நகரை அடையுமுன்னரே, அவர் போர்த்துக்கேயரின் ஒற்றர் என்னும் பழிச்சொல் அரண்மனையை எட்டிவிட்டது. அரசவையிலிருந்த பிரான்சு நாட்டுப் புரட்டஸ்தாந்தர் ஒருவரே அதனைக் கூறியவர். அடிகளாரும் பணியாளர் யுவானும் சிறையிலிடப்பட்டனர்.

சிறைவாசம் அவருக்குக் கல்விக்காலமாயிற்று. தமிழை முன்னரே பயின்றிருந்த அவர் அங்கே சிங்கள மொழியைக் கற்றார். காவலர் அவருடைய ஒழுக்கத்தைக் கண்டு மதிப்புக்கொண்டனர். நாளடைவிற் காவல் தளர்ந்தது. சிறை முற்றத்திற் குடிசையொன்றமைத்து அதனைக் கோயிலாக்கினார். நகரத்துக் கத்தோலிக்கர் மெல்ல மெல்ல அங்கு வரத் தொடங்கினர். பின்னர் நாட்டில் வறட்சி நேர்ந்தபோது அவர் வேண்ட மழை பெய்ததென்றும், அதன்பின் அரசன் அவருக்கு விடுதலை அளித்தானென்றும் மரபு வரலாறு கூறும். அதனை எவ்வாறு கொள்வதென்பது அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது. அரசன் தன் நாட்டிற் சமயப்பணி செய்ய அவருக்கு இடங்கொடுத்தான் என்பதில் ஐயமில்லை.

அவ்வரசன் இரண்டாம் விமலதர்மசூரியன். 1687 முதல் 1707 வரை ஆட்சி செய்த அவன் பௌத்த சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவன். புத்தபிரானின் தந்ததாதுவுக்கு மூன்று நிலை மாளிகை எடுத்தவன். இலங்கையில் அற்றுப்போன உபசம்பதாச் சடங்கை மீட்டற்பொருட்டு அரக்கான் தேசத்திலிருந்து பிக்குமாரை வரவழைத்தவன். தன் சமயத்தைப் புதுப்பிப்பதில் இத்துணை ஊக்கங் கொண்ட மன்னன் வேற்றுச் சமயக் குரு ஒருவரைத் தன் தலைநகரில் வாழவிட்டான். அக்காலத்து ஐரோப்பாவிலும் கோவாவிலும் இத்தகைய பொறை அரிதாகவே காணப்பட்டது. அடிகளாரின் பணியைக் கூறுவோர் இம்மன்னனின் பெருந்தன்மையையும் சேர்த்தே கூறுதல் வேண்டும்.

1697 ஆம் ஆண்டிற் கண்டி நகரில் வைசூரி பரவியது. அம்மை குத்தும் முறையை எட்வேட்டு யென்னர் கண்டறிந்தது 1796 ஆம் ஆண்டிலேயாம். அதற்கு நூறாண்டு முன்னர் அந்நோய்க்கு மக்கள் அறிந்த காப்பு ஓட்டம் ஒன்றே. பெற்றோர் பிள்ளைகளையும், பிள்ளைகள் பெற்றோரையும் விட்டு அகன்றனர். நோயாளர் காட்டோரங்களிலே கைவிடப்பட்டனர். அரசனும் தலைநகரை விட்டு நீங்கினான். அடிகளாரும், 1696 ஆம் ஆண்டில் வந்து சேர்ந்த அவருடைய மருகர் யோசப் கர்வாலோ அடிகளாரும் நகரத்திலேயே தங்கினர். ஆளற்ற வீடுகளை நோயாளர் விடுதிகளாக்கி, குடிசைகள் அமைத்து, கைவிடப்பட்டோரைத் தூக்கிவந்து, உணவூட்டிப் புண் கழுவினர். இறந்தோரைத் தம் கையாலேயே அடக்கினர். பௌத்தர், கத்தோலிக்கர் என்ற வேறுபாடு அங்கே நோக்கப்படவில்லை.

இப்பணியைக் கண்டு ஞானஸ்நானம் பெற விரும்பினோர் உளர். அவர் சமயத்தைத் தழுவாது அவரிடத்து நன்றி மாத்திரம் பாராட்டினோரும் உளர். இரு திறத்தாருக்கும் கஞ்சி ஒன்றாகவே வார்க்கப்பட்டது. யாழ்ப்பாணத்திற் பெயரறியாப் பெண்ணொருத்தி நோயுற்ற பிச்சைக்காரன் ஒருவனுக்குச் செய்ததையே அப்பிச்சைக்காரன் பத்தாண்டு கழித்துக் கண்டியிற் செய்தார்.

காலப்போக்கிற் கோவாவிலிருந்து ஒரத்தோரியக் குருமார் மேலும் பலர் வந்தனர். அவருள் 1705 ஆம் ஆண்டில் வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் இயற்றிப் புகழ்பெற்றவர். தபசு காலத்திற் கோயில்களில் வாசிக்கப்பட்டு வந்த ‘வியாகுலப் பிரசங்கம்’ அவர் ஆக்கமேயாம். பிறநாட்டு மொழியிற் கேட்ட வேதத்தை மக்கள் தம் தாய்மொழியிற் பாடவும் படிக்கவும் வழிசெய்த அப்பெரும்பணி, வாஸ் அடிகளார் இட்ட அத்திவாரத்தின் மேல் எழுந்ததாகும்.

1707 ஆம் ஆண்டில் விமலதர்மசூரியன் இறக்க, அவன் மகன் வீரநரேந்திரசிங்கன் அரசனானான். அவனும் அடிகளாரை மதித்துப் போற்றினான். ஓய்வற்ற நடையினாலும் உண்டி குறைவினாலும் தளர்ந்த அடிகளார் 1711 ஆம் ஆண்டு சனவரி மாதம் 16 ஆம் நாள் கண்டியிலே காலமானார். இலங்கைக்கு வந்த நாள்முதல் இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர் ஒருகாலும் பிறந்த நாட்டுக்கு மீண்டு சென்றதில்லை. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1995 ஆம் ஆண்டு சனவரி 21 ஆம் நாள் கொழும்பு காலிமுகத் திடலில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கினார். 2015 ஆம் ஆண்டு சனவரி 14 ஆம் நாள் அதே திடலிற் பாப்பரசர் பிரான்சிசு அவரைப் புனிதராக அறிவித்தார்.

ஒல்லாந்தரின் சமய முயற்சி என்னாயிற்று என்பதும் நோக்கத்தக்கது. அவர்கள் கல்வி வளர்த்தனர், வேதாகமத்தை மொழிபெயர்த்தனர், அச்சகம் நிறுவினர். இவை நாட்டுக்குக் கிடைத்த நன்மைகளே. ஆயினும் 1796 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் ஆட்சி முடிவெய்த, உத்தியோகத்தின் பொருட்டு அச்சபையிற் பெயர் பதிந்திருந்தோர் பெருந்தொகையாக அதனைவிட்டு நீங்கினர். அவருட் பலர் தம் முன்னோரின் சைவத்துக்கும் பௌத்தத்துக்கும் வெளிப்படையாகவே திரும்பினர். கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை ஆங்கிலத் தேசாதிபதி மெயிற்லண்ட் 1806 ஆம் ஆண்டில் நீக்கியபோது, சட்டத்தின் துணையின்றி ஒன்றரை நூற்றாண்டு தாங்கிநின்ற சமுதாயம் ஒன்று மூப்பரோடும் அண்ணாவிமாரோடும் வெளிவந்து நின்றது.

ஆட்சியின் துணைகொண்டு பெருக்கிய தொகை ஆட்சியோடு குறைந்தது. ஓர் ஏழைக் குருவின் வாழ்க்கையைக் கண்டும், அவரைக் காத்தோரின் உறுதியைக் கண்டும் பற்றிக்கொண்ட நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக நிலைத்தது. தம் சமயம் எதுவாயினும், அதனைப் பிறர்க்கு உரைக்க விரும்புவோர் இவ்வரலாற்றை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.